கோமதியும் ரேடியோப் பாட்டும்

பஸ்ஸில் யாரோ கராம்பு மூட்டை ஏற்ற, அந்த வாசத்தில் இரத்தோட்டைப் பக்கம் இப்போது இடிந்து போய்விட்ட எங்கள் கராம்புத் தோட்டத்து லய வரிசை வீடு நினைவுக்கு வந்தது. கங்காணி வீட்டு ரேடியோவில் பால்ய சிநேகிதம் பற்றிய சினிமாப் பாட்டு வந்தால், நானும் கோமதியும் வெளியே தோள்மேல் கைபோட்டு நின்று, மறந்த வரிகளை இட்டுக்கட்டிப் பாடுவோம்.

அவள் குடும்பத்துக்கு இலங்கையை விட்டு இந்தியா போக உத்தரவு வந்தது. லொறியில் ஏறியவள், "பாட்டு போட்டா எனக்கும் சேத்து கேளுடி" என்றாள்.

"சரி" என்றேன்.

"கூட்டாளி போறாளே, அழுகை வரலையா ஒனக்கு?" என்றாள் அம்மா.

வரவில்லை.

மறுநாள் அதே பாட்டு வந்தது. வாய் தானாகப் பாடியது; காதில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு பள்ளிக்கூடம் போய், நாங்கள் இருவரும் உட்காரும் வாங்குப் பலகையின் நடுவில் உட்கார்ந்தேன். இடம் தாராளமாக இருந்தது.