பெஞ்சிலேயே உட்காருங்கப்பா

போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே, சர்ச் மொத்தமும் பார்க்க நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.

மதுரை திருநகர் வெயில் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் ஒருமுறை வந்து பாருங்கள் — காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புழுக்கத்தில், ஓடுகிற ஃபேனை நிறுத்துகிற ஆளை ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள்? அப்படித்தான் பார்த்தார்கள். கடைசி பெஞ்சுப் பெரியவர் ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். "ஏம்ப்பா, ஒனக்கு ஒடம்புக்கு எதுவும் செய்யுதா?"

செய்தது. என்ன செய்தது என்று சொல்ல, அதற்கு முந்தைய வியாழக்கிழமைக்குப் போகவேண்டும்.

அன்றைக்கு என் மகள் பெனிட்டாவுக்குப் பதினெட்டு வயது பிறந்தது. இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியும். அவளுக்குப் பல் விழுந்தது, அவள் சைக்கிளிலிருந்து விழுந்தது, எல்லாவற்றையும் இங்கேதான் எழுதினேன். ஏழாம் வகுப்பு படிக்கும்போது, "என்னையக் கேக்காம என் பல்லப் பத்தி எப்படி எழுதலாம்?" என்று சண்டை போட்டாள். அந்தச் சண்டையையும் எழுதினேன்... வாரா வாரம் விஷயத்துக்கு நான் எங்கே போவேன்?

வியாழக்கிழமை காலை பால் வாங்கப் போனவன் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டேன். ஃப்ளெக்ஸ்! 'பதினெட்டாம் அகவையில் அடியெடுத்து வைக்கும் எங்கள் குலவிளக்கே!' கீழே ஓரத்தில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, செல்போனைக் காதில் வைத்தபடி, 'அன்புடன் தாய்மாமன்' என்று என் மச்சினன் தாசன். மதுரையில் ஃப்ளெக்ஸில் நிற்கிறவர்கள் எல்லோருமே யாருடனாவது போனில் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்தப் பக்கம் யார் பேசுகிறார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதெல்லாம் சரி. நடுவில் குலவிளக்கின் படத்தைப் பார்த்தால்... யு.கே.ஜி.யில் எடுத்தது. ரெட்டைக் குடுமி, முகமெல்லாம் பவுடர், முன்பல் இல்லை.

உடனே போன் போட்டேன். "ஏன் மாப்ள, இப்ப எடுத்த போட்டோ ஒண்ணுகூடவா கெடைக்கல?"

"கெடக்கு மச்சான், நெறையக் கெடக்கு. ஆனா இப்ப உள்ளது எதுலயும் புள்ள மாதிரியே இல்ல மச்சான்."

சிரிக்கத்தான் போன் போட்டேன். ஏனோ சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் பெனிட்டா அலட்டிக்கொள்ளவே இல்லை. "நல்லதாப் போச்சு. யாருக்கும் என்னைய அடையாளம் தெரியாது" என்றாள்.

சாயங்காலம் கேக். இங்கேதான் வந்தது வினை.

அவளுக்குக் கோயம்புத்தூரில் காலேஜ் சீட் கிடைத்திருக்கிறது. இன்னும் சில நாளில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். மதுரையில் இல்லாத காலேஜா என்று நான் கேட்கவில்லை. கேட்க முடியாது. ஏனென்றால் போன வருஷம் இதே பக்கத்தில்தான், 'பிள்ளைகளைப் பிடித்து வைக்காதீர்கள், வெளியூர் போகட்டும், உலகம் பார்க்கட்டும்' என்று எழுதித் தொலைத்திருந்தேன். பாராட்டி எவ்வளவு பேர் போன் செய்தீர்கள்! ஒரு வாசகி அதை வெட்டி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தம்மா இதைப் படிக்கிறார் என்றால், தயவுசெய்து அதைக் கிழித்துவிடவும்.

கேக்கில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டிருக்கிறேன், கையெல்லாம் கிரீம். என் போன் அடித்தது. பெனிட்டா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கோயம்புத்தூர் வீட்டு புரோக்கர்.

"சார், வீடு அமைஞ்சிருச்சுங்க. நீங்க கேட்ட மாதிரியே லேடீஸ் ஹாஸ்டலுக்கு நேர் எதுத்தாப்புலங்க. மாடி போர்ஷனுங்க. ஜன்னலைத் தொறந்தா ஹாஸ்டல் கேட்டு பளிச்சுன்னு தெரியுமுங்க."

கோயம்புத்தூர்க்காரர்கள் ரொம்ப மரியாதையானவர்கள். குடும்பத்தைக் கெடுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் கெடுப்பார்கள்.

என் மனைவி ரூபி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேள்வியை நேராகத்தான் கேட்பாள். "யாருக்கு வீடு?"

"சும்மா... விசாரிச்சு வச்சேன்."

"தல்லாகுளத்துல ஆபீசு. கோயம்புத்தூர்ல வீடு. தெனம் போயிட்டு வருவீகளோ?"

"சனி, ஞாயிறு லீவு இருக்குல்ல. மத்த நாளைக்கு மெடிக்கல் லீவு..."

"ஆமா, அங்கன ஜன்னல்ல ஒக்காந்துக்கிட்டு வார போற பிள்ளைகளையெல்லாம் பாத்துக்கிட்டு இருங்க. ஹாஸ்டல் வார்டன் போலீசக் கூப்புடட்டும்."

பெனிட்டா சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முன்பெல்லாம் கத்துவாள், கதவைச் சாத்துவாள். அதற்கு என்னிடம் மருந்து இருந்தது. இப்போது மெழுகுவத்தியை ஊதினாள். கேக்கை வெட்டினாள். எங்கள் இருவருக்கும் ஊட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல நான் மட்டும் முன்னாடி போறேன். நீங்க ரெண்டு பேரும் பெஞ்சிலேயே உட்காருங்கப்பா."

சர்ச் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் சபையில் அந்தந்த வாரம் பிறந்தநாள் கண்டவர்களை ஞாயிற்றுக்கிழமை பெயர் சொல்லி முன்னால் கூப்பிடுவார்கள். குடும்பத்தோடு போய் பீடத்துக்கு முன்னால் நிற்கவேண்டும். ஆயர் மைக்கை நீட்டி, என்ன ஜெபிக்க வேண்டும் என்று கேட்பார். சொன்னால், தலையில் கைவைத்து ஜெபிப்பார். சபையே ஆமென் சொல்லும்.

அந்தப் பீடத்தின் முன்னால்தான் நான் என் மகள் வளர்ந்ததைப் பார்த்தேன். முதல் வருஷம் என் இடுப்பில் இருந்துகொண்டு ஆயரின் கண்ணாடியைப் பிடுங்கினாள். நாலு வயதில் ரூபியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றாள். எட்டு வயதில் எங்கள் இருவர் கையையும் பிடித்து ஊஞ்சல் ஆடினாள். பதிமூன்றில் கையை விட்டாள். பதினைந்தில் ஒரு எட்டு தள்ளி நின்றாள், யாரோ வழிப்போக்கர்களோடு வந்தவள் மாதிரி. தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மகள் வளர்ந்தால் நமக்கு யார் என்று ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லையே?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மைக்கை எல்லா வருஷமும் வாங்கிப் பேசியவன் நான். பெனிட்டாவுக்கு ஞாபகசக்தி வேண்டும், பெனிட்டாவுக்குச் சளி பிடிக்கக்கூடாது, பெனிட்டாவுக்குக் கணக்கு வரவேண்டும். அம்மா கணக்கு டீச்சராக இருந்தும் கணக்குக்கு ஆண்டவரிடம் போனதில் ரூபிக்கு இன்றும் வருத்தம் உண்டு.

சனிக்கிழமை முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது.

"தனியாப் போயி நின்னா ஊரு என்ன சொல்லும்? வீட்டுல சண்டையின்னுதான பேசுவாங்க?"

"ஊர இழுக்காதீங்கப்பா. ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கு. அதச் சொல்லுங்க."

"சரி, கஷ்டமாத்தான் இருக்கு."

"பிடிச்சு வைக்காதீங்கன்னு நீங்கதான எழுதுனீங்க?"

"அது வாசகர்களுக்கு எழுதுனதும்மா!"

ரூபி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஊருக்குத்தான் உபதேசம். ஒங்கப்பாவுக்கு அதெல்லாம் கிடையாது."

அப்புறம் என்னிடம் தனியாக, "போகட்டும் விடுங்க. நீங்க மட்டும் எந்திரிச்சிராதீங்க" என்றாள். எழுந்திரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பைபிள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நல்லவேளை, அதன் மேல் கைவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆயர் பெயரை வாசித்தார். "செல்வி பெனிட்டா."

பெனிட்டா எழுந்தாள். நானும் எழுந்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை, நம்புங்கள். அந்தப் பெயரை அந்த மைக்கில் கேட்டால் என் கால் தானாக எழுந்து பழகிவிட்டது. ரூபி என் சட்டையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. அதற்குள் நடைபாதைக்கு வந்துவிட்டேன். இரண்டு எட்டும் வைத்துவிட்டேன். முன்னால் போய்க்கொண்டிருந்தவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை. 'அப்பா, ப்ளீஸ்' என்கிற பார்வை.

சபை முழுக்க என்னைப் பார்க்கிறது. முன்னால் போகமுடியாது. திரும்பி உட்கார்ந்தால் மானம் போகும். மனுஷன் என்ன செய்வான்? சுவரில் ஸ்விட்ச் போர்டு தெரிந்தது. ஏதோ அதற்காகவே எழுந்தவன் போல நேராக அங்கே போனேன். ஃபேனை நிறுத்தினேன்.

அந்தப் பெரியவர் உடம்புக்கு எதுவும் செய்கிறதா என்று கேட்டது அப்போதுதான்.

முன்னால் ஆயர் பெனிட்டாவின் பின்னால் எட்டிப் பார்த்தார். எப்போதும் மூன்று பேரைப் பார்த்தவர். "என்னம்மா, அப்பா அம்மா வரலையா?" மைக் ஆனில் இருந்தது.

"வந்திருக்காங்க ஐயா. அம்மா பெஞ்சுல இருக்காங்க. அப்பா... ஃபேன்கிட்ட இருக்காங்க."

சபை சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய?

"சரிம்மா. என்ன ஜெபிக்கணும்?"

மைக் முதல்முறையாக அவள் கைக்குப் போனது. படிப்பு என்பாள், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பாள் என்று நினைத்தேன். என்னிடம் ஒரு பட்டியலே இருந்தது, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் ஐயா. நான் அங்க இருந்துக்குவேன். எங்க அப்பாவும் அம்மாவும் நான் இல்லாம வீட்டுல இருந்து பழகணும். அதுக்கு எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் மறுபடி இழுத்துக்கொண்டாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாப் பண்ணுங்க."

மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் அந்த 'அப்பாவுக்கு'வில் அவள் குரல் உடைந்தது. சிரித்தவர்களுக்குக் கேட்டிருக்காது; எனக்குக் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. ஜன்னலைப் பற்றிக் கேட்ட அன்றைக்கு அவள் கோபப்படவில்லை. பயந்திருக்கிறாள். எனக்காகப் பயந்திருக்கிறாள். இத்தனை வருஷமாக அவளுக்குச் சளி பிடிக்குமோ என்று நான் பயந்த அதே பயம். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று எவர் சொன்னாரோ... அவர் என் மகளைப் பார்த்ததில்லை.

ஸ்விட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? வேர்வையென்று நினைத்திருப்பார்கள். அதற்குத்தான் ஃபேனை நிறுத்தியிருந்தேனே.

ஆயர் ஜெபித்து முடித்தார். முதல் ஆமென் ரூபியுடையது. கடைசிவரை எழுந்திரிக்காமல் உட்கார்ந்திருந்தவள், அந்த ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பின்னாலேயே சபை மொத்தமும் ஆமென் என்றது.

"அண்ணே, அந்த ஃபேனப் போடுங்கண்ணே" என்று யாரோ கெஞ்சினார்கள். போட்டேன்.

மறுநாள் கோயம்புத்தூர் புரோக்கருக்குப் போன் செய்து வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ரொம்ப ஏமாற்றம். "ஏனுங்க சார், ஜன்னல் புடிக்கலீங்களா?"

"ஜன்னல்தாங்க பிரச்சனையே" என்றேன்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட மட்டும் எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. பஸ்ஸுக்குள் ஏறக்கூடாது என்று நிபந்தனை. ஏறமாட்டேன் என்று மறுபடியும் சத்தியம் செய்திருக்கிறேன்.

சபையில் எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி.