இருபத்து மூன்றாவது ஆள்

லேபில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. இருபத்தாறு வருஷமாகப் பல் செட் செய்கிறவள் என்பதால் முதலில் ‘பல் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்து அது பல்லக்கா ஆகி, புதிதாக வருகிறவர்கள் பல்லக்கு என்றே நினைத்துக்கொண்டு, அப்படி யார் இவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

பல் டாக்டரிடம் போகிற யாரும் அவளைப் பார்த்திருக்க முடியாது. டாக்டர் வாயில் எடுக்கும் அளவு, ஒரு சின்ன ப்ளாஸ்டிக் டப்பாவில், சீட்டோடு அந்த இரண்டாம் மாடி அறைக்கு வந்து சேரும். அவள் அதில் ப்ளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பாள். ஈறை மெழுகில் பிடித்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, மேலும் கீழும் கடிக்கவைத்துப் பார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவாள். இந்த ஆள் வலதுபக்கம்தான் மெல்லுவார், இந்த அம்மா தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார் என்றெல்லாம் அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்த முகங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் கணவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு நல்லது கெட்டதுக்கு வந்தார், பிறகு வரவில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் அதற்கு ஒரு தேதியாவது இருந்திருக்கும். பிள்ளைகள் கிடையாது. தையல்கடைக்கு மேலே ஒரு அறையும் சமையலறையும். சனி ஞாயிறு இரண்டு நாளும் யாரிடமும் பேசாமல் போய்விட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை லேபுக்குள் நுழைந்து பேசும் முதல் வார்த்தை கரகரவென்று வரும். சளியா என்று கேட்பார்கள். ஆமாம் என்பாள்.

சொந்தம் என்று பக்கத்தில் இருப்பது தங்கை மட்டும்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரம். தங்கைக்குக் கணவர், பத்தாவது படிக்கும் ஒரு மகள். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் எங்கேயாவது போக வேண்டும் என்று மகள் அடம்பிடித்ததால், கடலோரமாகப் படகில் ஒருநாள் கூட்டிப்போகும் பயணத்தில் நாலு பேருக்கு இடம் பிடித்தார்கள். பாறைத்திட்டில் முகக்கண்ணாடி மாட்டி மீன் பார்ப்பது, மனிதர் குடியில்லாத ஒரு மணல் தீவில் மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் இன்னொரு கடற்கரை, பிறகு வீடு. நாலாவது ஆள் பெரியம்மா. அதுவும் மகளே சொன்னதாம். அந்த ஒரு வார்த்தைக்காகப் பல்லக்கா புதிதாக ஒரு தொப்பி வாங்கினாள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் அவள் படகுத்துறையில் நின்றாள். எட்டு மணிக்குத் தங்கையிடமிருந்து போன். மகளுக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், தாங்கள் வரவில்லை, ஆனால் துறைவரைக்கும் வந்துவிட்டு அக்கா ஏன் திரும்ப வேண்டும், போய்விட்டு வரட்டும் என்றாள். பல்லக்காவுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் திரும்பினால் அந்த அறை. போகிறேன் என்றாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று அதற்குள் நடந்து முடிந்திருந்தது. தங்கை கணவர் படகு அலுவலகத்துக்குப் போன் செய்து, வரவில்லை என்று பதிவு எண்ணைச் சொல்ல, அவர்கள் அந்த எண்ணில் இருந்த நாலு பெயரையுமே அடித்துவிட்டார்கள். ஏறும் இடத்தில் கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்த வழிகாட்டி, அவள் நீட்டிய செல்போனில் டிக்கெட்டைப் பார்த்தும் பார்க்காமலும், ஏறுங்க ஏறுங்க என்று கையை ஆட்டினார். அவர் கையிலிருந்த தாளில் இருபத்திரண்டு பேர். படகில் இருபத்து மூன்று.

எல்லாரும் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். ஒரு ஆபீஸ் கும்பல், குழந்தைகளோடு ஒரு குடும்பம், கையை விடாத ஒரு புதுமணத் தம்பதி. பல்லக்கா பின்பக்கம், இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே இரைச்சலில் யாரும் பேச முடியாது. அதனால் பேச ஆளில்லை என்பதும் தெரியாது. புதுப்பெண் மட்டும் வந்து, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். ஆறு எடுத்துக் கொடுத்தாள்.

முகக்கண்ணாடியும் மூச்சுவிடும் குழாயும் கொடுத்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். தலை முன்பக்கம் வெளுத்திருந்தது. சாப்பாடு பரிமாறுவதும் அவர்தான், சாமான்களைக் கழுவி அடுக்குவதும் அவர்தான். அவளுக்குப் பதினாலாம் எண் கண்ணாடி கிடைத்தது. குழாயில் வாயால் கவ்வுகிற ரப்பர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கழுவித்தான் இருக்கு என்றார் அவர்.

“அதுக்கில்ல தம்பி. இதைக் கடிச்சவருக்குப் பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கு. இடதுபக்கம் கடைவாய்ப்பல்லு தேஞ்சு போயிருக்கும். டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க.”

அவர் ரப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இடது கன்னத்தைத் தடவிக்கொண்டார். தண்ணீருக்கு அடியில் நங்கூரம் சிக்கினால் அவர்தான் இறங்குவாராம், கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு. வேறு குழாய் எடுத்துக் கொடுத்தார்.

பாறைத்திட்டில் அவள் சரியாக ஒன்றும் பார்க்கவில்லை. இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும் என்று விசில்காரர் ஜோடி சேர்த்தார். மிஞ்சியது அவள். அவளை ஒரு கயிற்று மிதவையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. காதுக்குள்ளும் போய் அடைத்துக்கொண்டது. ஏறிவிட்டாள்.

மணல் தீவில் மத்தியானச் சாப்பாடு நடந்தது. ரொட்டி, பழம், வெட்டிய காய்கள். லைஃப் ஜாக்கெட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கரையோரமாக மீன் பார்க்க விரும்புகிறவர்கள் கண்ணாடியையும் குழாயையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆபீஸ் கும்பல் பந்து விளையாட ஆரம்பித்தது. பல்லக்கா துண்டையும் கண்ணாடியையும் குழாயையும் எடுத்துக்கொண்டு, பாறைகளைச் சுற்றித் தீவின் மறுபக்கம் போய் நிழலில் உட்கார்ந்தாள். விசில் மூன்று முறை ஊதியதாகப் பிறகு சொன்னார்கள். அடைத்த காதில் அது விழவில்லை. விசில்காரர் தலைகளை எண்ணினார். இருபத்திரண்டு. தாளில் இருப்பதும் இருபத்திரண்டு. படகு கிளம்பியது.

அவள் திரும்பி வந்தபோது மணலில் காலடிகளும் ஒரு ஆரஞ்சுத் தோலும் மட்டும் கிடந்தன. படகு கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது. துண்டை ஆட்டினாள். கத்தினாள். காலையிலிருந்து அதிகம் பேசாத குரல், கரகரவென்று வந்து தண்ணீருக்கு மேலேயே நின்றுவிட்டது.

போன், பை, செருப்பு எல்லாம் படகில். முதலில் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பந்தியில் உட்கார்ந்தவளை விட்டுவிட்டுப் பரிமாறிப் போன மாதிரி. இப்போதே திரும்பிவிடுவார்கள் என்று நின்றுகொண்டே இருந்தாள். கால் வலித்ததும் உட்கார்ந்தாள். அப்புறம்தான் யோசனை வந்தது. தன்னைக் காணோம் என்று முதலில் யாருக்குத் தெரியும்? தங்கை இன்று கூப்பிட மாட்டாள், மகளுக்குக் காய்ச்சல். கூப்பிட்டு எடுக்கவில்லையென்றால் தூங்கியிருப்பாள் என்று நினைப்பாள். தையல்கடை ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை லேபில் ஒன்பதரைக்கு வரவில்லையென்றால் பஸ் கிடைக்கவில்லை என்று நினைப்பார்கள். பத்தரைக்குமேல் அவசர வேலை எதையாவது தேடும்போது கேட்பார்கள், பல்லக்கா எங்கே என்று. இன்றைக்குச் சனிக்கிழமை, மணி இரண்டு இருக்கும். திங்கட்கிழமை பத்தரை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நாற்பத்துநாலரை மணி நேரம் அவள் இல்லை என்பது யாருக்கும் தெரியாமலே இருக்க முடியும்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. தொப்பியும் படகோடு போயிருந்தது. வேறு வழியில்லாமல் தலையை நனைக்கத் தண்ணீரில் இறங்கினாள். தனியாக இறங்கக் கூடாது என்று காலையில் விசில்காரர் நாலு தடவை சொல்லியிருந்தார். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்வி, முகத்தை உள்ளே வைத்தாள். இந்தத் தடவை தண்ணீர் புகவில்லை.

சத்தம்தான் முதலில் கேட்டது. கறுக், கறுக் என்று, யாரோ கற்கண்டு கடிக்கிற மாதிரி. காதடைப்பு வெளியே இருந்த சத்தத்தைத்தான் நிறுத்தியிருந்தது, இது தலைக்குள்ளேயே கேட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில், பச்சையும் நீலமுமாக ஏழெட்டுக் கிளிமீன்கள், அலகு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பற்களால் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன. கொறித்த இடத்தில் வெள்ளைக் கோடுகள். தின்றதைப் பின்பக்கமாக மணலாக விட்டுவிட்டுப் போயின. இருபத்தாறு வருஷம் பல் செய்திருக்கிறாள், பல் தன் வேலையைச் செய்வதை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. மேல்வரிசை கீழ்வரிசையில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க, அசையாமல் மிதந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது.

படகு அதற்குள் அடுத்த கடற்கரையை நெருங்கியிருந்தது. போகிற வழியில் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு கண்ணாடி குறைந்தது. பதினாலு. யாரிடம் கொடுத்தோம் என்று யோசித்தவர் கன்னத்தில் கையை வைத்தார். படகு முழுவதும் தேடினார். இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பை, ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு தொப்பி. விசில்காரர் தாளைக் காட்டி, ஆள் சரியாக இருக்கிறது என்று வாதாடினாராம். இவர் செருப்பைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

திரும்பி வந்தவர்கள் தூரத்திலிருந்தே பார்த்தது, தண்ணீரில் குப்புறக் கிடக்கும் ஒரு பெண்ணை. அசைவில்லை. படகு நிற்பதற்கு முன்பே அந்த மனிதர் குதித்தார்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து தன்னைப் புரட்டிப் போட்டதும் பல்லக்கா உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டாள். இருமி முடித்துக் கண்ணாடியைக் கழற்றியபோது அவர் அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணும் ஆகலப்பா. மீன் பாத்துட்டு இருந்தேன்” என்றாள்.

அவர் தண்ணீரிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவள்தான் கைகொடுத்துத் தூக்கி, கரைவரை நடத்திக் கூட்டிப்போனாள்.

“எப்படித் தெரிஞ்சுது, நான் இல்லன்னு?”

“பொய் சொல்ல மாட்டேன்க்கா. கண்ணாடி ஒண்ணு குறைஞ்சுது. அப்புறம்தான் உங்க ஞாபகம் வந்துச்சு.”

அது அவளுக்கு வலித்தது. அதே சமயம், அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

படகில் ஏறியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முன்பக்கம் உட்கார்ந்திருக்கீங்கன்னு நினைச்சோம் என்றாள் புதுப்பெண். நேரமாகிவிட்டதால் கடைசிக் கடற்கரை கிடையாது என்று படகோட்டி அறிவித்தார். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் அம்மா குழந்தையை அடக்கினாளே தவிர, பல்லக்காவைப் பார்க்கவில்லை. என்னால எல்லாருக்கும் சிரமம், மன்னிச்சுக்குங்க என்று பல்லக்கா எழுந்து நின்று சொன்னாள். விசில்காரர் பக்கத்தில் வந்து, காலையில் அலுவலகத்துக்கு வந்த போனால் நாலு பெயரும் தாளில் அடிபட்டுவிட்டதைச் சொல்லி, புகார் எழுதினால் தன் வேலை போய்விடும் என்று மெதுவாகச் சொன்னார். எழுத மாட்டேன் என்றாள். ஆனால் இனிமேல் தாளை எண்ணாதீர்கள், ஏறின ஆளை எண்ணுங்கள் என்று சொன்னாள். குரல் தெளிவாக வந்தது. அவர் தலையாட்டினார்.

மறுநாள் தங்கை கூப்பிட்டு, பயணம் எப்படி என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றுதான் முதலில் வந்தது வாயில். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று விசாரித்தாள். போனை வைக்கப்போகிற நேரத்தில், தினமும் காலையில் எனக்கு ஒரு போன் பண்ணுவாயா என்று கேட்டுவிட்டாள்.

“ஏன்க்கா, உடம்புக்கு ஏதாவது?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் இருக்கேனான்னு யாராவது பாத்துக்கணும்ல.”

அந்தப் பக்கம் தங்கை அழுதாள். அன்று நடந்தது முழுவதையும் பல்லக்கா அப்போதுதான் சொன்னாள், நாலு பெயரும் அடிபட்டது தங்கை கணவரின் போனால் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

தங்கை மூன்று வாரம் தவறாமல் கூப்பிட்டாள். பிறகு ஒருநாள் விட்டது, அப்புறம் இரண்டு நாள். காலை நேரத்தில் அவளுக்கும் ஆயிரம் வேலை. பல்லக்கா ஞாபகப்படுத்தவில்லை. ஒருநாள் மகளிடமிருந்து செல்போனில் ஒரு வரி வந்தது: பெரியம்மா, எந்திரிச்சாச்சா? ஆச்சு என்று பதில் போட்டாள். அதுவே பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பெண் கேட்பாள், இவள் ஆச்சு என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது. பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அதுவும் வராது. அன்றைக்கு லேப் இருந்தால் பல்லக்கா கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பி, லேபைத் தானே திறந்து, மெழுகைச் சூடாக்கிவிட்டு மற்றவர்கள் மாடிப்படி ஏறிவரும் சத்தத்துக்காகக் காத்திருப்பாள்.