கரி அம்புறோஸின் டயர்

பேராதனை வீதியில் முஹைதீன் முதலாளியின் டயர்ப் பட்டறையில் அவனைக் ‘கரி அம்புறோஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னே என்ன! நாள் முழுக்க ரப்பரில் கரித்தூள் பிசைகிற மனுசன் வெள்ளையாகவா இருப்பான்? ஞாயிறு பூசைக்குக் குளித்துவிட்டு வந்தாலும் காதுமடலில் கறுப்பு மிச்சமிருக்கும்.

கரி சேர்ந்தால் ரப்பருக்கு உரம், லேசில் கிழியாது. சீமைச்சுண்ணாம்பு சேர்த்தால் எடைதான் கூடும், இழுத்தால் பொசுக்கென்று அறுந்துவிடும். செருப்புக்கு அது போதும், பஸ் டயருக்கு ஆகாது. டயர் விளிம்புக்குள் ஓடும் கம்பி இன்னும் பொல்லாதது. பெற்றோலில் துடைத்து, கைபடாமல் வைத்தால்தான் ரப்பர் அதைக் கவ்விப் பிடிக்கும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலில் மனைவி டொரதியின் அண்ணன் வில்பிரட், தான் ஓட்டும் கெலிஓயா பஸ்ஸின் பழைய டயரை, புதுக் கம்பி வைத்துக் கட்டித்தரச் சொல்லிக் கொண்டுவந்து போட்டான். “மச்சான், உசிரு உங்க கையில,” என்று சிரித்தான்.

அம்புறோஸ் சுண்ணாம்பைத் தொடவேயில்லை. கரியைச் சலித்துச் சலித்துப் பிசைந்தான். கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு, டொரதி கொண்டுவந்த சோற்றைப் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் பட்டறைக்குள்ளேயே நின்றாள். பிறகு அவன் வந்து கம்பியில் ரப்பரைச் சுற்றி, அச்சில் போட்டு அவித்தான்.

கொஞ்ச நாளில், விடியக்காலைப் பயணத்தில், வளைவொன்றில் டயர் சில்லைவிட்டுக் கழன்று பஸ் பள்ளத்தில் இறங்கிற்று. நல்லகாலம், சனம் ஏறியிருக்கவில்லை. வில்பிரட் அந்த இடத்திலேயே முடிந்துபோனான்.

அம்புறோஸ் ஓடிப்போய் டயரைப் புரட்டினான். ரப்பர் கிழியவில்லை. கம்பி மட்டும் ஒரு துணுக்கு ரப்பர்கூட ஒட்டாமல் வழவழவென்று வெளியே வந்து கிடந்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

செத்தவீட்டில் டொரதி மாரடித்து அழுதாள். “கோயில்ல அந்தோனியார் சுருவத்தடி விளக்குல எரிஞ்ச எண்ணெய, அண்ணனுக்குக் காவலா அந்தக் கம்பி பூரா தடவுனேனே! அவரும் கைவிட்டுட்டாரே! என்னங்க, ரப்பர்ல என்னத்தக் கலந்தீங்க?”

ஐயோ, அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கிற்று. எண்ணெய் பட்ட கம்பியில் எந்த ரப்பரும் பிடிக்காது. உள்ளதைச் சொன்னால் அவள் அன்றைக்கே மகாவலியில் குதித்திருப்பாள்.

“சுண்ணாம்பு கூடிப்போச்சு புள்ள,” என்றான்.

பாவி மனுசன்! செய்யாததைத் தலையில் போட்டுக்கொண்டான். முதலாளி வேலையைவிட்டு நிறுத்தினார். அம்பிட்டியவில் மண் வெட்டப் போனான். மச்சானைக் கொன்றவன் என்று ஊர் பேசிற்று. டொரதி சோறு போடுவாள், முகம் பார்க்கமாட்டாள்.

முப்பத்தொன்பதில் நெஞ்சுவருத்தம் வந்து படுத்தவன் எழும்பவில்லை. கடைசியில் அவள் சுருவத்தடி எண்ணெயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அண்ணனுக்குச் செஞ்சத நான் மன்னிச்சிட்டேங்க,” என்று விம்மிக்கொண்டே அவன் நெற்றியில் தடவினாள்.

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நல்லாத் தடவு புள்ள,” என்றான்.