கூரைத் துவாரமும் அத்தானும்

தென் ஜெர்மனியில் அத்தான் இருக்கும் சிற்றூரின் பழைய கோயிலில், பீடத்துக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையில் வட்டமாக ஒரு துவாரம் தெரியும். ஆண்டு முழுவதும் பலகையால் மூடிக் கிடக்கும் அதை ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளன்று மட்டும் திறப்பார்கள். உயிர்த்த இயேசு சீடர்களின் கண்முன்னே வானகம் சென்றார் என்ற நம்பிக்கையை அந்த ஊரார் நடத்தியே காட்டிவிடுவார்கள். மரத்தில் செதுக்கிய இயேசுவின் சுருவத்தைக் கயிற்றில் கட்டி மெல்ல மேலே இழுக்க, அது துவாரத்துக்குள் மறையும். நாடெங்கும் அன்று விடுமுறை. ஆண்களில் பலர் தந்தையர் தினம் என்று சொல்லிக் கைவண்டியில் பியர் போத்தல்களோடு காட்டுக்குள் போய்விடுவார்கள். பிராங்பேர்ட்டில் எனக்குப் பழகிய விண்ணேற்றம் அதுதான்.

மன்னாரில் மறைக்கல்வி படித்த நாளிலிருந்தே இந்தத் திருநாளோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிறந்ததைக் கொண்டாடலாம், உயிர்த்ததைக் கொண்டாடலாம், நியாயம். விட்டுவிட்டுப் போனதற்கு என்ன கொண்டாட்டம்? சீடர்கள் பெருமகிழ்ச்சியோடு எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்று வேதத்தில் இருப்பது எனக்குப் பிடிபட்டதேயில்லை. விமான நிலையத்தில் ஒருவரை வழியனுப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டு வீடு வந்தவர்களை நான் கண்டதில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். கோயிலைப் பராமரிக்கும் ஜெர்மன் கிழவர் துவாரத்துக்கு மேலுள்ள பரணில் நின்று கயிற்றை இழுக்க, சுருவத்தை உள்ளே எடுப்பது பல வருடங்களாக அத்தானின் வேலை. அக்கா இறந்த பிறகு வந்த திருநாளுக்குப் பங்குத்தந்தை வழக்கம்போல அழைத்தபோது மறுத்துவிட்டார். அவரைத் தனியே விடக்கூடாதென்று போயிருந்த என்னிடம், தேத்தண்ணி ஊற்றியபடியே சொன்னார்: "என்னால ஏலாது தம்பி. ஒராளை அனுப்பிப்போட்டு நிக்கிறன். இன்னொராளையும் அனுப்ப ஏலாது." அக்காவின் அடக்கத்துக்குப் பிறகு அவர் கோயில் வாசலை மிதிக்கவேயில்லை. இப்படியே விட்டால் மனிதர் கடவுளிடமிருந்தும் எங்களிடமிருந்தும் ஒரேயடியாகக் கழன்றுவிடுவார் என்று பயந்தேன். "கடைசி வரிசை வாங்கில இருந்திட்டு வருவம் அத்தான்" என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

சுருவம் எழும்பத் தொடங்கியது. அத்தான் அதை முதன்முறையாகக் கீழே நின்று பார்த்தார். தலை மறைந்தது, நெஞ்சு மறைந்தது, பாதங்கள் மட்டும் மிஞ்சின. அத்தோடு நின்றுவிட்டது. எதுவோ விளிம்பில் சிக்கிவிட்டது. கிழவர் கயிற்றை விட்டால் சுருவம் விழும். விடாமல் பிடித்திருந்தால் அதை உள்ளே எடுக்க அங்கே வேறு ஆளில்லை. பாடகர்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். அத்தான் என்னை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பரணில் அவர் முழங்காலிட்டு, சுருவத்தின் அக்குளுக்குள் கைகளைக் கொடுத்து, மெல்லத் திருப்பி, நெஞ்சோடு அணைத்து உள்ளே எடுத்தார். நோயின் கடைசி மாதங்களில் அக்காவைக் கட்டிலிலிருந்து அப்படித்தான் தூக்குவார். கீழே பாட்டு பலத்து எழுந்தது. அணைத்த கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். "கீழ நிண்டு பார்க்கேக்க போறார் தம்பி. இஞ்ச நிண்டா வாறார்."

கிறிஸ்து நம்மைப் போன்ற உடலோடு, ஆறாத காயங்களோடு தந்தையிடம் போனார், அதனால் மனிதனுக்கும் அங்கே இடமுண்டு என்று குருமார் எத்தனையோ தரம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றுவரை எனக்கு அது வெறும் பாடமாகவே இருந்தது. இப்போது கிழவருக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டதால், ஒவ்வொரு வருடமும் ரயில் பிடித்துப் போய்க் கயிற்றை நான் இழுக்கிறேன். எடுப்பது அத்தான்தான்.

அன்று பரணில் அவர் இன்னொன்றும் கேட்டார். "உன்ர அக்காவையும் ஆரும் இப்பிடி ஏந்தியிருப்பினமோ?"

"ஓம் அத்தான்" என்றேன். அவரைத் தேற்றத்தான் வாய் திறந்தேன். சொல்லி முடித்தபோது, அக்காவின் அடக்கத்தன்றுகூட வராத அழுகை எனக்கு வந்தது.