ஆக்சிலேட்டரும் என் கணவரின் வேர்வையும்

செம்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை ஆபீசுக்கு நான்தான் கார் ஓட்டிப் போகிறேன். சிக்னலில் நின்றாலே ஏசியில் அனல் காற்று வரும். கணவரிடம் சொன்னேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே, "ஜில்லுனுதானே வருது? உனக்கு அம்பது வயசாச்சு, அதான் உடம்பு எரியுது" என்றார். மெக்கானிக்கும் அதேபோல் மிதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அந்த ஞாயிறு உச்சி வெயிலில் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தாம்பரம் கிளம்பினேன். நெரிசலில் வண்டி நின்றதும், அவர் கண்ணாடியை இறக்க முடியாதபடி என் பக்க ஸ்விட்சால் பூட்டினேன். அவர் சட்டை தொப்பலாக நனைந்தது. எனக்கும் வேர்த்தது, ஆனால் எனக்குத்தான் பழக்கமாயிற்றே.

"என்னம்மா, மூச்சு முட்டுது!"

"உங்களுக்கும் வயசாயிடுச்சுங்க."

கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். குளிர்ந்தது. காலை எடுத்தேன். மறுபடி அனல்.

"மிதி, மிதி!" என்று கெஞ்சினார். நெரிசல் கலையும்வரை நான் மிதிக்கவில்லை.

ஏசியின் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டதாம், மெக்கானிக் இப்போது சொன்னார்; என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அதற்குத் தெம்பாம். மறுநாளே கணவர் அதை மாற்றிக்கொடுத்தார். இப்போதெல்லாம் வண்டியில் எந்தக் கோளாறானாலும் நான் வாயால் சொல்வதில்லை. அவரை ஏற்றிக்கொண்டு, கண்ணாடியைப் பூட்டிவிடுகிறேன்.