ஜன்னலைச் சாத்தி எடுத்த படம்

காலை ஆறே முக்காலுக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கினேன். சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது ஒரே ஒரு படம் எடுக்கத்தான். ஆறு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் என் மனைவி கோமளம், தான் பிறந்து வளர்ந்த பாலக்கரை வீட்டு அறையையும், அதன் ஜன்னலில் தெரியும் மலைக்கோட்டையையும் ஒருசேரப் பார்க்க ஆசைப்பட்டாள். போன மாதமே ஒரு முறை வந்து எடுத்துப் போனேன். அறை நன்றாக விழுந்திருந்தது. ஜன்னலில் மட்டும் வெறும் வெள்ளை. "மலை எங்கேங்க?" என்றாள். அதற்காகத்தான் இந்த இரண்டாவது பயணம்.

பெருமாளைச் சேவித்துவிட்டு பஸ் ஏறினேன். தெப்பக்குளத்துக்கு இரண்டணா. பக்கத்து சீட்டுக்காரர் என் காமிரா ஸ்டாண்டைப் பார்த்து, "சர்வேங்களா?" என்றார். "சம்சாரத்துக்கு ஒரு படங்க" என்றதும் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். அங்கிருந்து பாலக்கரை ஒரு மைல், ஜட்காவில் ஆறணா.

பதினொன்றே முக்கால். இப்போது அந்த வீட்டில் ஓர் ஆசிரியரும் அவர் மனைவி ரோஸ்மேரியும் குடியிருக்கிறார்கள். "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று ஆசிரியர் போன தடவையே சொல்லியிருந்தார். பிலிமில் மிச்சம் இரண்டே படம். மற்றதையெல்லாம் கோபுரங்களிலும் காவிரி மணலிலும் அசட்டுத்தனமாகத் தீர்த்திருந்தேன்.

உள்ளே இருட்டு, வெளியே வெயில். ஒரே தடவையில் இரண்டும் விழாது. ஸ்டாண்டை அசைக்காமல் அறைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று எடுத்து, அச்சிடும்போது சேர்ப்பது என் திட்டம். ஆளில்லாத அறை கோமளத்துக்குப் பிடிக்காது என்று ரோஸ்மேரி அம்மாவை ஜன்னலோரம் முறத்தோடு உட்காரச் சொன்னேன். "எட்டு எண்ணுற வரைக்கும் அசையாதீங்க." நாலு எண்ணியிருப்பேன், மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. அவர் சட்டென்று எழுந்து சிலுவை போட்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். படம் பாழ். உச்சிவேளை ஜெபத்தை மறந்து நேரம் குறித்தவன் நான், யாரைக் கோபிப்பது?

மிச்சம் ஒன்று. அறையா, மலையா? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைக் கேட்டு அந்த அம்மா மிகவும் வருந்தினார். பிறகு மெதுவாக, "வெளிச்சந்தானேங்க இடைஞ்சல்? ஜன்னலைச் சாத்திட்டு ரூமை எடுங்க. அப்புறம் திறந்து, அதே பிலிம்ல மலையை எடுக்க முடியாதா?" என்றார்.

பதினைந்து வருஷமாகக் காமிரா தூக்குகிறேன். எனக்கு இது தோன்றவில்லை!

ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் வெளிச்சம் கசியாதபடி அதன் கதவின் மேல் ஆசிரியரின் கறுப்புக் கோட்டைத் தொங்கவிட்டோம். என் முதுகுப் பக்கத்து வாசல் வழியாக வந்த வெளிச்சம் மட்டும்தான். மூலைமுடுக்கெல்லாம் துலங்கட்டும் என்று முப்பது எண்ண நினைத்தேன். "இது இருட்டு ரூம்தாங்க. பகல்லயே விளக்கு ஏத்துவோம்" என்று ரோஸ்மேரி அம்மா சிரித்தார். அதுவும் சரிதான் என்று பத்தோடு நிறுத்தினேன். பிறகு ஜன்னலைத் திறந்து, மலைக்குக் கண் சிமிட்டும் நேரம். சாப்பிடாமல் விடவில்லை, எனக்காகத் தனியே சாம்பார் வைத்திருந்தார். அந்தக் கைக்கு நான் என்ன செய்தாலும் தகும்.

சென்னை திரும்பி, அச்சிட்ட படத்தைக் கோமளத்திடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"மலை இருக்கு. அரிசி மூட்டை வைக்கிற மூலை இருட்டாவே இருக்கு. அப்படித்தாங்க இருக்கும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

எங்கள் வீட்டு ஜன்னலில் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். படத்தை எதிர்ப்பக்கம் மாட்டி, அவள் கட்டிலை அதைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன்.