கீழிருந்து வெட்டிய கடிதம்

மாலை ஐந்து மணி பதினெட்டு நிமிடம். ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, என் மேசைமேல் டஸ்டருக்கு அடியில் இருந்த இரண்டு தாள்கள். கோடு போட்ட லாங் நோட்டிலிருந்து ஸ்கேல் வைத்துக் கிழித்தவை. ஓரம் நேராக இருந்தது. வகுப்பு ஐந்தரைக்கு. பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது, ஒரு கடிதத்துக்கு அது தாராளம் என்று நினைத்தேன். அதனால்தான் நேரம் மறக்கவில்லை.

ஆஸ்டின் டவுனில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தின் மாடியில் நடக்கும் சமுதாயக் கல்லூரி அது. பகலெல்லாம் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து, ஓராண்டு படித்துச் சான்றிதழ் வாங்கிப் போவார்கள். ஆங்கிலத்துக்கு நாங்கள் மூன்று பேர். மூத்தவர் காலையில் ஆனேக்கல்லில் பாடம் எடுத்துவிட்டு, பஸ்ஸிலேயே விடைத்தாள் திருத்திக்கொண்டு வருவார். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். பால்கனியில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார். இளையவள் கொரிய நாடகங்கள் பார்த்துப் பார்த்து கொரிய மொழியையே கற்றுக்கொண்டிருந்தாள். நான் பதினோரு வருடம் ஓர் ஆங்கில நாளிதழில் செய்திகளைத் திருத்தும் வேலையில் இருந்தவள். அந்தப் பதிப்பை மூடியதும் இங்கே வந்தேன். மூவருக்கும் பொதுவான வியாதி சிவப்புப் பேனா. மூத்தவர் தனக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருத்திவிட்டுத்தான் பையில் வைப்பார்.

எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு பழக்கம் இருந்தது. செய்தித்தாளில் இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவோம். முக்கியமானது முதல் பத்தியில் வந்துவிடும், கடைசிப் பத்தி போனால் யாருக்கும் தெரியாது. அச்சுக்குப் போகும் நேரத்தில் அதைப் படித்துப் பார்த்து வெட்ட அவகாசமும் இருக்காது. இதையே வகுப்பில் விதியாக்கியிருந்தேன். விண்ணப்பம் ஒரு பக்கம்தான், இரண்டாவது பக்கத்தை யாரும் புரட்டமாட்டார்கள்.

அந்த இரண்டு தாள்களை எழுதியவர் என்னைவிட இரண்டு வயது மூத்த மாணவி. தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அதே அலுவலகத்தின் ரிசப்ஷனுக்கு ஆள் எடுப்பதாக அறிவித்திருந்தார்கள், உள்ளே வேலை செய்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம். கடிதம் போக வேண்டியது மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு. அங்கே இவரை யாருக்கும் தெரியாது. கடிதத்தில் இருப்பதுதான் இவர். மூன்று வருடமாக இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தார், ஆங்கில வகுப்பில் சேர்ந்ததும் இதற்காகத்தான். அறிவிப்பில் என்ன தகுதி கேட்டிருந்தார்கள் என்பதை நான் வாங்கிப் பார்க்கவில்லை.

முதல் பக்கத்தைத் திருத்த ஆரம்பித்தேன். குடும்பம், படிப்பு, நேரம் தவறாமை, நான்கு மொழிகள். மூத்தவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், மூணு முட்டை! பெட்டை டப்பாக்குள்ளயே உக்காந்திருக்கு. சோறு இல்ல, தண்ணி இல்ல."

"கொஞ்ச நேரம் நீங்க உக்காருங்க சார், அது வெளிய வந்து சாப்பிடும்" என்றாள் இளையவள்.

சிரித்துக்கொண்டே இரண்டாவது பக்கத்தைப் புரட்டினேன். 'கடைசியாக, பணிவுடன் ஒரு சின்ன விஷயம்' என்று தொடங்கியது. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு இழுத்தேன்.

வகுப்பு முடிந்து அந்த மாணவியிடம் தாள்களைக் கொடுத்தபோது அவர் கோட்டைப் பார்த்தார்.

"ரெண்டாவது பக்கம் வேணாமா மிஸ்?"

"வேணாங்க. முதல் பக்கமே போதும். நல்லா இருக்கு."

"சரி மிஸ். நீங்க சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

அவர் கேட்டார். அப்போதாவது நான் படித்திருக்கலாம்.

ஒன்பது நாள் கழித்து, வகுப்புக்கு முன்னால் என் மேசை அருகே வந்து நின்றார். கையில் ஃபைல். ரிசப்ஷனில் ஆறு மாத முன் அனுபவம் இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை என்று பதில் வந்திருந்தது. பதிலை எடுத்துக் காட்டும்போது அடியில் பழைய தாள்களும் இருந்தன. என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததை அவர் முன்னாலேயே முதன்முறையாகப் படித்தேன்.

ரிசப்ஷன் பெண் பிரசவ விடுப்பில் போனபோது எட்டு மாதம் அந்த மேசையில் இவர்தான் உட்கார்ந்திருக்கிறார். ஃபோன் எடுத்திருக்கிறார், வருகிறவர்களைப் பதிவு செய்திருக்கிறார், ஒரு புகார்கூட வந்ததில்லை. இவரை அங்கே உட்காரவைத்த மேனேஜர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். கேட்டால் உறுதிசெய்வதாகச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறார். நம்பரும் இருந்தது. கேட்ட தகுதி முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

எங்கள் வீடுகளுக்குக் காரியமாக வருகிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. உடம்பு, பிள்ளைகள், வெயில் என்று எல்லாம் பேசி, காபி குடித்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். எடுத்த எடுப்பில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருக்கிறார்.

"நீங்க வெட்டினது சரிதான் மிஸ்" என்றார். "நாந்தான் அதைப் பெரிசா நெனச்சிட்டேன். லீவுல போனவங்க சீட்டுல உக்காந்ததெல்லாம் ஒரு அனுபவமா? அதையும் எழுதியிருந்தா சிரிச்சிருப்பாங்க."

நான் படித்துப் பார்த்து, எடைபோட்டு, தேவையில்லை என்று முடிவு செய்ததாக நம்பிக்கொண்டிருந்தார். நான் சொன்னது, "அடுத்த தடவை பார்க்கலாம்." உடனே பாடத்தை ஆரம்பித்தாக வேண்டியவள்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்து இருபத்திரண்டு.

மூத்தவரிடம் மட்டும் சொன்னேன். விடைத்தாள் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"படிக்காமலே வெட்டிட்டீங்களா?"

"ஆமா சார்."

"நான் பஸ்ஸுல எத்தனை பேப்பருக்குக் கடைசி ரெண்டு பக்கம் படிக்காம மார்க் போட்டிருக்கேன் தெரியுமா மேடம்? ஆனேக்கல் ரோடு அப்படிக் குலுக்கும். சும்னே... சும்மா தலையில ஏத்திக்காதீங்க."

எனக்கு ஆறுதலாகச் சொன்னார். ஆனால் அன்று ஒவ்வொரு தாளையும் கடைசிவரை புரட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் சொல்லாமல் இருந்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த வேலைக்குத்தான் வெளியிலிருந்து ஓர் ஆளை எடுத்துவிட்டார்களே என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட காரணம். அவர் ஒருநாளும் வகுப்புக்கு வராமல் இல்லை. முதல் வரிசையில், ஜன்னல் பக்கம்.

நான்காவது வாரம், பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது பின்னால் அவர் குரல் கேட்டது. பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணின் விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு டெய்லர் கடையில் வேலை செய்பவள்.

"இது எதுக்குடி எழுதியிருக்கே? ஓனர் இல்லாதப்ப கடையைப் பார்த்துக்கிட்டேன்னு?"

"ஒரு வருஷம் பார்த்துக்கிட்டேன்க்கா."

"அதெல்லாம் அனுபவத்துல சேராது. மிஸ் வெட்டிடுவாங்க. இப்பவே எடுத்துடு."

அந்தப் பெண் ரப்பரை எடுத்தாள்.

"அழிக்காதே" என்றேன். நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் அவரை நிறுத்தினேன். மற்றவர்கள் எங்களைத் தாண்டி இறங்கிப் போகும்வரை காத்திருந்தேன்.

"அன்னைக்கு உங்க ரெண்டாவது பக்கத்தை நான் படிக்கலைங்க. படிக்காமலே வெட்டினேன். நீங்க அந்த பதிலைக் கொண்டுவந்தப்பதான் படிச்சேன். அது இருந்திருந்தா உங்களைக் கூப்பிட்டிருப்பாங்க. தப்பு என்னோடது."

அவர் கைப்பிடிச் சுவரில் கை வைத்துக்கொண்டார். கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள்.

"படிக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு வரிகூட?"

"முதல் வரி மட்டும்."

கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்போ அது நல்லா இருந்துச்சா மிஸ்? நான் எழுதினது?"

"நல்லா இருந்துச்சு. அதுதான் முதல்ல வந்திருக்கணும்."

"நாலு நாள் உக்காந்து எழுதினேன்" என்றார். ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில் நின்று, திரும்பாமல், "நாளைக்கு கிளாஸ் உண்டுதானே?" என்று கேட்டார். உண்டு என்றேன்.

மும்பைக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை முதல் பத்தியில் வைத்தேன். பதில் வரவில்லை.

போன மாதம் ஒரு வேலையாகத் தொம்மலூர் போனபோது அந்த அலுவலகத்தைக் கடந்தேன். மணி ஒன்று இருபது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ரிசப்ஷன் மேசையில், ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மில் அவர் உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டிருந்தார். புதிதாக வேலைக்கு எடுத்த பெண்ணுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம்.